விபத்துப் பதிவேட்டைப் படிப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

வளர்ந்துவரும் ஊர்களில் விபத்துத் தகவலைக் கொண்டு சாலைகளைச் சரிசெய்வது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் ஊர் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் ஐந்து ஆண்டு விபத்து விவரம் எக்செல் கோப்பாக வந்திருக்கிறது. நானூறு வரிகளுக்கு மேல். வரைபடத்தில் ஏற்றிவிடலாமா?

பதில்: வரைபடம் பிறகு. அந்தக் கோப்பில் ஒரு வரி என்றால் என்ன என்று முதலில் கேளுங்கள். ஒரு விபத்தா, ஒரு வண்டியா, அடிபட்ட ஓர் ஆளா? இரண்டு பைக் மோதி நான்கு பேருக்குக் காயம் என்றால், ஆள்வாரியாக எழுதும் பதிவேட்டில் அது நான்கு வரி. அப்படியே ஏற்றினால் ஒரு விபத்து நான்கு புள்ளியாக நிற்கும். தேதி, நேரம், இடம் மூன்றும் பொருந்தும் வரிகளைச் சேர்த்து, விபத்துக்கு ஓர் எண் கொடுங்கள். விபத்து எத்தனை, உயிரிழந்தவர் எத்தனை, காயம்பட்டவர் எத்தனை என்று மூன்று கணக்கும் தனித்தனியே இருக்கட்டும்.

அடுத்தது இடம். பெரும்பாலும் கோப்பு கெட்டுப்போவது இங்கேதான். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று இலக்கம்தான் என்றால் துல்லியம் ஏறக்குறைய 110 மீட்டர். எந்தச் சந்திப்பு என்றே சொல்ல முடியாது. நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் 1 மீட்டர். ஒரே எண், கடைசி இலக்கம்வரை பிசகாமல், இருபது விபத்துக்கு வந்திருந்தால் அது காவல் நிலையமாகவோ மருத்துவமனை வளாகமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். படிவத்தை நிரப்பியவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 11 டிகிரி 30 நிமிடத்தை 11.30 என்று எழுதிவிடுவதும் உண்டு. சரியான எண் 11.50. இந்த 0.20 டிகிரி வித்தியாசம் தரையில் 22 கிலோமீட்டர். புள்ளி ஊரைத் தாண்டி எங்கோ வயலில் போய் விழும். அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருந்தால் கடலிலோ வேறு நாட்டிலோ விழும். அது ஒருவகையில் நல்லது, உடனே கண்ணில் படும்.

எண்ணே இல்லாமல் ‘பேருந்து நிலையம் அருகே’ என்று மட்டும் இருந்தால்? ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி போடுங்கள்: சரியான இடம் தெரியும், 50 மீட்டருக்குள் தெரியும், தெரு மட்டும் தெரியும், ஒன்றும் தெரியாது. கடைசி வகையைத் தூக்கி எறிய வேண்டாம், எத்தனை என்று எண்ணி வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு அதில் போய்விட்டால், நீங்கள் வரையப்போகும் வரைபடம் நன்றாக எழுதப்பட்ட விபத்துகளின் வரைபடமாக மட்டுமே இருக்கும்.

வளரும் ஊருக்கென்று இன்னொரு வேலை உண்டு. ஒவ்வொரு சாலைக்கும் மாற்றங்களை ஒரு பட்டியலாக எழுதுங்கள்: எப்போது அகலப்படுத்தினார்கள், சென்டர் மீடியன் எப்போது வந்தது, எந்த மாதம் பள்ளி திறந்தது. ஐந்தாண்டுக்கு முன் இருவழிச் சாலையாக இருந்த இடம் இன்று நான்குவழி என்றால், பழைய விபத்துகள் இப்போது இல்லாத ஒரு சாலையின் விபத்துகள். அந்த இடத்தில் மாற்றத்துக்குப் பிந்தைய வரிகளை மட்டும் எடுங்கள்.

கேள்வி: காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’, ‘அதிவேகம்’ என்றே எழுதியிருக்கிறது. அப்படியானால் விழிப்புணர்வுப் பிரசாரம்தான் தீர்வு என்று எங்கள் குழுவில் சிலர் வாதிடுகிறார்கள்.

பதில்: அந்தக் கட்டத்தை மூடிவைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள். வழக்குக்கு யார் மேல் பழி என்று தெரிய வேண்டும், அதற்காக எழுதப்படும் கட்டம் அது. கவனக்குறைவு எல்லாச் சாலையிலும் உண்டு. ஒரே சந்திப்பில் மட்டும் பதினோரு பேர் ஏன் கவனம் தவறினார்கள் என்பதல்லவா நமது கேள்வி?

அதற்குப் பதில் தருவது மோதல் படம். இதற்குச் செலவு ஒரு தாளும் பேனாவும்தான். சந்திப்பின் மேல்தோற்றத்தை வரையுங்கள். ஒவ்வொரு விபத்துக்கும் இரண்டு அம்புக்குறி: எந்த வண்டி எங்கிருந்து எங்கே போனது, எங்கே முட்டிக்கொண்டன. நேராகப் போனதா, திரும்பியதா, நின்றிருந்ததா என்பது அம்பின் வடிவத்தில் தெரிய வேண்டும். நடந்து வந்தவருக்குப் புள்ளிக்கோடு. அம்பின் பக்கத்தில் நேரம், பகலா இரவா, சாலை ஈரமா உலர்வா, எந்த வகை வண்டி, மரணமா காயமா என்று சிறிதாக எழுதுங்கள். ‘டூவீலர் மீது லாரி மோதி’ என்ற வாக்கியத்திலிருந்து அம்பு வரைய முடியாது. வழக்கு ஆவணத்தில் உள்ள மாதிரி வரைபடத்தையோ, வண்டியின் எந்தப் பக்கம் நசுங்கியது என்ற குறிப்பையோ கேட்டு வாங்குங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. பதினோரு விபத்து, ஏழில் ஒரே வடிவம். பிரதான சாலையில் நேராக வரும் வண்டியின் பக்கவாட்டில், கிளைத்தெருவிலிருந்து வெளியே வரும் பைக் முட்டுகிறது. ஏழில் ஆறு மாலை 6 முதல் 8 மணிக்குள், பிரதான சாலை வண்டி எப்போதும் ஒரே திசையிலிருந்து. இவ்வளவு தெரிந்ததும் அதே நேரத்துக்கு அங்கே போங்கள். கிளைத்தெருவின் நிறுத்தக்கோட்டில், பைக்கில் உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் நின்று அந்தத் திசையைப் பாருங்கள். அந்த நேரத்தில் வரிசையாக நிறுத்திய வேன்கள் பார்வையை மறைக்கலாம், ஒரு விளம்பரப் பலகை மறைக்கலாம், ஒரேயொரு விளக்குக் கம்பம் எரியாமல் இருக்கலாம். வடிவமைப்பில் 2.5 விநாடி எதிர்வினை நேரம் வைத்துக் கணக்கிட்டால், 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பார்த்து நிறுத்தச் சுமார் 65 மீட்டர் வேண்டும். டேப் பிடித்து அளந்து, அங்கே தெரிவது 25 மீட்டர்தான் என்றால், ‘கவனக்குறைவு’ என்று எழுதிய ஏழு வரிக்கும் வேறு பெயர் கிடைத்துவிட்டது. தீர்வு மூலையிலிருந்து தேவையான தூரத்துக்கு வண்டி நிறுத்தத் தடை, அதை மீற முடியாதபடி நடைபாதையை வெளியே நீட்டிக் கட்டுவது.

படத்தில் எந்த வடிவமும் தெரியாமல் அம்புகள் கலைந்து கிடந்தால் அதுவும் ஒரு தகவல்தான். பெரும்பாலும் வேகமோ வெளிச்சமோ பிரச்சினையாக இருக்கும், அல்லது அந்த இடம் தற்செயலாகப் பட்டியலில் ஏறியிருக்கும்.

1966-இல் அமெரிக்காவின் தேசியச் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவராக வந்த வில்லியம் ஹாடன் ஒரு மருத்துவர். காரணத்தை ஓட்டுநரிடம் மட்டும் தேடாமலிருக்க அவர் ஓர் அட்டவணை போட்டார். விபத்துக்கு முன், விபத்தின்போது, விபத்துக்குப் பின் என்று மூன்று வரி. மனிதர், வண்டி, சூழல் என்று மூன்று நிரல். ஒன்பது கட்டத்தையும் நிரப்பு என்றார் அவர். பிரசாரம் என்பது அதில் முதல் கட்டம் ஒன்றுதான்.

கேள்வி: ஓர் இடத்தை ‘கரும்புள்ளி’ என்று அறிவிக்க எத்தனை விபத்து நடக்க வேண்டும்?

பதில்: நாட்டுக்கு நாடு வரையறை மாறும். இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு வைத்திருப்பது இது: ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில், மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த விபத்து 5, அல்லது மரணம் 10. திறந்த நெடுஞ்சாலைக்கு இது சரி. ஊருக்குள் 500 மீட்டரில் மூன்று சந்திப்பு வந்துவிடும், எதைச் சரிசெய்வது? ஊருக்குள் சந்திப்புகளைத் தனியாகவும் (மையத்திலிருந்து 30 முதல் 50 மீட்டர்), இடைப்பட்ட சாலைத் துண்டுகளைத் தனியாகவும் எண்ணுங்கள்.

மரணத்தை மட்டும் வைத்துத் தரவரிசை போடாதீர்கள். ஒரு வேன் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தால் அந்த வளைவு ஒரே நாளில் முதலிடத்துக்கு வந்துவிடும். அந்த ஒன்பது பேர் வேனில் இருந்தார்கள் என்பது வளைவின் குணம் அல்ல. ‘மரணமோ பலத்த காயமோ நேர்ந்த விபத்து’ எத்தனை என்று எண்ணுவதே நிலையான அளவு.

எண்ணிக்கைக்கும் விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பாருங்கள். ஒரு சந்திப்பில் மூன்றாண்டில் 12 விபத்து, தினமும் 10,000 வண்டி. இன்னொன்றில் 6 விபத்து, தினமும் 3,000 வண்டி. விபத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கி, மூன்றாண்டில் நுழைந்த மொத்த வண்டிகளால் (தினசரி எண்ணிக்கை × 365 × 3) வகுங்கள். முதலாவதில் பத்து லட்சம் வண்டிக்கு 1.1, இரண்டாவதில் 1.8. அங்கே நுழையும் ஒரு வண்டிக்கு இரண்டாவது சந்திப்பே ஆபத்து அதிகம். ஆனால் பணம் ஓர் இடத்துக்குத்தான் இருக்கிறது என்றால் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்வோம். தடுக்கக்கூடிய காயங்கள் அங்கேதான் அதிகம்.

சில நேரம் புள்ளியே இராது, கோடுதான் இருக்கும். ஊர் வளர்ந்து சாலை நான்குவழியான பின், நடந்து செல்பவர்கள் அடிபடுவது ஒரே இடத்தில் குவியாமல் இரண்டு கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும். எந்த ஒரு புள்ளியும் வரையறையைத் தொடாது, பட்டியலிலும் வராது. கோடாகப் பார்த்தால் ஊரிலேயே மோசமான சாலை அதுதான். 14 மீட்டர் அகலத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 12 விநாடி ஆகும், முதியவருக்கு இன்னும் கூடுதல். இரு திசையிலும் ஒரே சமயம் 12 விநாடி இடைவெளி கிடைக்காது. கிடைத்ததுபோல் தோன்றும்போது ஓடுகிறார்கள். நடுவில் 2 மீட்டர் அகலத்தில் ஒரு நிற்கும் திட்டு கட்டினால், ஒரு திசைக்கு 6 விநாடி கிடைத்தால் போதும். இப்படிப்பட்ட திட்டுகள் சாலை நெடுகிலும் வேண்டும், ஒரே இடத்தில் கட்டும் நடைமேம்பாலம் இந்தக் கோட்டைத் தீர்க்காது.

கேள்வி: ஒரு சந்திப்பில் மூன்றாண்டில் 9 விபத்து நடந்தது. சிக்னல் வைத்தோம். அடுத்த மூன்றாண்டில் 4 தான். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் சிக்னலால் குறைந்தது என்று எழுத முடியாது.

முதலில் ஒரு சிறு கணக்கு. முன்னும் பின்னும் சமமான காலம் என்றால், இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதைத் தாண்ட வேண்டும். 9-உம் 4-உம் சேர்ந்து 13, வர்க்கமூலம் 3.6; இரட்டிப்பு 7.2. உங்கள் வித்தியாசம் 5. எதுவுமே செய்யாமல் விட்டிருந்தாலும் இவ்வளவு ஏற்ற இறக்கம் வரும். 24 என்பது 10 ஆகியிருந்தால் வித்தியாசம் 14, வரம்பு 11.7, அப்போது பேசலாம்.

இரண்டாவது சிக்கல் இதைவிட நுட்பமானது. அந்தச் சந்திப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? அந்த மூன்றாண்டில் அங்கே விபத்து அதிகம் என்பதால்தானே. பகடையில் ஆறு விழுந்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி, தலையில் தண்ணீர் தெளித்து, மறுபடி உருட்டச் சொன்னால் பெரும்பாலோருக்கு எண் குறைந்துதான் விழும். தண்ணீருக்கு அதில் பங்கில்லை. சராசரிக்குத் திரும்புதல் என்று புள்ளியியலில் சொல்வது இதைத்தான்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் எஸ்ரா ஹாவர் இதற்கான திருத்தத்தைச் சாலைப் பொறியியலில் நிலைநிறுத்தினார். அதே அமைப்பும் அதே அளவு போக்குவரத்தும் உள்ள சந்திப்புகளில் மூன்றாண்டுக்குச் சராசரி 4 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 9-ஐ அந்த 4-இன் பக்கம் கொஞ்சம் இழுக்க வேண்டும். எவ்வளவு என்பது தரவின் அளவைப் பொறுத்தது. தரவு அதிகமானால் உங்கள் எண்ணுக்கு மதிப்புக் கூடும். இங்கே 0.4, 0.6 என்று பிரித்தால் 0.4×4 + 0.6×9 = 7. அதாவது அந்தச் சந்திப்பின் நியாயமான எதிர்பார்ப்பு 7 தான், 9 அல்ல.

இதோடு ஊரின் வளர்ச்சியையும் சேருங்கள். சிக்னல் வைக்காத மற்றச் சந்திப்புகளில் அதே காலத்தில் விபத்து 60-லிருந்து 75 ஆகியிருந்தால், 7 × 75 ÷ 60 = 8.75. எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் ஏறக்குறைய 9 நடந்திருக்கும் என்று இப்போது நியாயமாகச் சொல்லலாம். சில ஊர்களில் இந்தத் திருத்தம் உங்களுக்குச் சாதகமாக வரும், சில ஊர்களில் பாதகமாக வரும். வந்ததை எழுதுங்கள். ஒத்த ஐந்தாறு சந்திப்புகளில் ஒரே மாற்றத்தைச் செய்து எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் எண்ணிக்கை பெரிதாகும், முடிவும் உறுதியாகும்.

இன்னொன்று: வகைவாரியாகப் பாருங்கள். சிக்னல் வந்தால் குறுக்கே மோதுவது குறையும், பின்னால் முட்டுவது கூடும். மொத்தம் மாறாமலே காயத்தின் கடுமை இறங்கியிருக்கலாம். போக்குவரத்து நடுத்தரமாக உள்ள சந்திப்பில் சிக்னலுக்கு முன் சிறிய ரவுண்டானாவை யோசியுங்கள். நாற்சந்தியில் வண்டியும் வண்டியும் முட்டிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32, ஒற்றைத்தட ரவுண்டானாவில் 8. மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும்.

கேள்வி: ஊருக்கு வெளியே புதுச்சாலை, புதுக் குடியிருப்புகள். விபத்து விவரமே இல்லை. யாராவது சாகும்வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். மோதாமல் தப்பியவற்றை எண்ணலாம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் சந்திப்பில் நின்று (இப்போது வீடியோவும் உதவும்), யாராவது திடீர் பிரேக் போட்டோ ஒதுங்கியோ தப்பிய ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்வார். ஒதுங்காமல் போயிருந்தால் எத்தனை விநாடியில் மோதியிருப்பார்கள் என்பதே அளவு, 1.5 விநாடிக்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டும். விபத்து ஆண்டுக்கு இரண்டுதான் நடக்கும், இவை ஒரே நாளில் பத்து கிடைக்கும். இதையும் அம்புக்குறியாக வரையலாம்.

வேகத்தை அளப்பது இன்னும் எளிது. முன்னால் வண்டி இல்லாமல் தன் விருப்பப்படி ஓடும் 100 வண்டிகளின் வேகத்தை எடுங்கள். நெரிசலில் ஊர்பவற்றைச் சேர்த்தால் கணக்கு கெடும். ஸ்பீடு கன்னோடு சீருடையில் சாலையோரம் நிற்காதீர்கள், எல்லாரும் மெதுவாகப் போவார்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி 85-ஆவது எண்ணைப் பாருங்கள். பலகையில் 50 என்று இருந்து அந்த எண் 68 என்றால், அந்தச் சாலையின் அகலமும் நேர்கோடும் 68-க்கு அழைக்கின்றன, பலகைதான் ஒத்துவரவில்லை.

பத்து கிலோமீட்டர் கூடுதலில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எதிர்வினைக்கு 1 விநாடி, உலர்ந்த சாலை, நல்ல பிரேக். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் 28 மீட்டரில் நின்றுவிடும். 60-இல் வரும் கார் பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே 17 மீட்டர் போய்விட்டது. முதல் கார் நின்ற அதே இடத்தை அது கடக்கும்போது இன்னும் 40 கி.மீ. வேகம் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் தரும் விகிதமும் இதே பக்கம்தான்: சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து ஏறக்குறைய 4 சதவீதம் கூடும்.

கேள்வி: சைக்கிளில் போய்ப் பள்ளத்தில் விழுபவர்கள் யாரும் போலீஸுக்குப் போவதில்லை. அவர்கள் கணக்கில் வர வழி?

பதில்: மருத்துவமனை, ஆம்புலன்ஸ் பதிவுகள். தனியாகச் சறுக்கி விழுபவர்கள் காவல்துறைப் பதிவில் ஏறக்குறைய இல்லவே இல்லை. அவசரப் பிரிவுப் பதிவேட்டில் ‘எங்கே, எதில் போகும்போது, எதன் மேல் மோதி’ என்ற மூன்று கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால் நிரப்ப மாட்டார்கள். ஆம்புலன்ஸ் அழைப்புப் பதிவில் இடம் ஓரளவு துல்லியமாக இருக்கும், காயத்தின் கடுமை இருக்காது. மருத்துவமனையில் நேர் எதிர். தேதி, நேரம், வயது, பால் நான்கையும் வைத்து இரண்டையும் பொருத்தலாம், பெயர் தேவையில்லை. மரணக் கணக்கும் இதில் திருந்தும். பல நாடுகளில் விபத்திலிருந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை மரணம். ஆனால் ‘பலத்த காயம்’ என்று எழுதிய வரியை இருபதாம் நாள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேள்வி: எங்கு விபத்து நடந்தாலும் மறுநாளே வேகத்தடை கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: மோதல் படத்தில் வேகம் தெரிந்தால் போடலாம். போட்டால் சரியாகப் போடுங்கள். பிரிட்டனில் சோதித்து உருவாக்கிய வட்ட முகடு வடிவம் 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம். அரை மீட்டருக்குள் முடிந்துவிடும் செங்குத்து மேட்டில் கார் குலுங்கிப் போய்விடும், டூவீலரின் பின்னால் உட்கார்ந்தவர் கீழே விழுவார். வெள்ளைப்பட்டை அழிந்த வேகத்தடை இரவில் புதிய விபத்து இடம். ஆகவே வண்ணம் அடிக்கும் பொறுப்பு யாருடையது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதையும் அதே உத்தரவில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: விபத்து வரைபடத்தை ஊர் மக்கள் பார்க்க வெளியிடலாமா?

பதில்: தாராளமாக. பெயர், வண்டி எண், வழக்கு எண், வீட்டு முகவரி நான்கையும் எடுத்துவிடுங்கள். சிறிய ஊரில் தேதியும் வயதும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும், எனவே தேதிக்குப் பதில் மாதமும் ஆண்டும், வயதுக்குப் பதில் வயது வரம்பும் போதும். இடத்தை மட்டும் மழுப்ப வேண்டாம். கீழே ஒரு வரியில், இடம் தெரியாததால் வரைபடத்தில் ஏறாத விபத்து எத்தனை என்று அச்சிடுங்கள். அடுத்த ஆண்டு அந்த எண் குறைந்திருக்கிறதா என்று வாசகர்களே பார்த்துச் சொல்வார்கள்.